சின்ன பெடல்போர்டுக்கு நம்பகமான கிட்டார் ட்யூனரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பெடல்போர்டில், அதாவது காலால் மிதித்து இயக்கும் ஒலிப்பெட்டிகளை அடுக்கிய பலகையில், இருக்கும் மற்ற பெடல்கள் எல்லாம் ஒலியில் எதையாவது சேர்க்கும். சுருதி பார்க்கும் ட்யூனர் எதையும் சேர்க்காது. அதனால்தான் புதிதாக போர்டு கட்டுகிறவர்கள் டிலேவுக்கும் ஓவர்டிரைவுக்கும் வாரக்கணக்கில் யோசித்துவிட்டு, ட்யூனர் என்று வரும்போது கைக்குக் கிடைத்ததை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் போர்டில் முதல் இடத்தில் உட்காரப்போவது அதுதான். கிட்டாரிலிருந்து கிளம்பும் ஒலி முழுவதும் அதற்குள் நுழைந்துதான் அடுத்த பெடலுக்குப் போகும். டிலே பழுதானால் டிலே இல்லாமல் வாசிக்கலாம். முதலில் இருக்கும் ட்யூனர் மக்கர் செய்தால் மொத்தச் சத்தமும் நின்றுவிடும். நாலைந்து பெடல் மட்டுமே உள்ள சின்ன போர்டில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அங்கே மாற்று வழி எதுவும் இருக்காது.

நம்பகமான ட்யூனர் என்றால் என் கணக்கில் இவ்வளவுதான்: மிதித்தால் உடனே ஒலி அடங்க வேண்டும், நின்றபடி ஒரு பார்வையில் படிக்க முடிய வேண்டும், காட்டும் ஸ்வரம் தாவக் கூடாது, மறுபடி மிதித்தால் கிட்டாரின் ஒலி மாறாமல் திரும்பி வர வேண்டும். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் துல்லிய எண்ணை இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான் பார்க்க வேண்டும். கீழே உள்ள படிகளையும் அந்த வரிசையை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

உங்களுக்கு பெடல் ட்யூனர் தேவைதானா?

வீட்டில் மட்டும் வாசிக்கிறீர்கள் என்றால், கிட்டாரின் தலைப்பகுதியில் மாட்டும் கிளிப் ட்யூனரே போதும். அது மரத்தின் அதிர்வைப் பிடித்துக் காட்டும். சிக்கல் எங்கே வரும் என்றால், பக்கத்தில் டிரம்ஸும் பேஸும் முழங்கும்போது அந்த அதிர்வும் கிட்டார் மரத்தில் ஏறி, கிளிப் குழம்பிவிடும். பெடல் ட்யூனர், தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பிக்கப்பிலிருந்து வரும் சிக்னலை நேராகப் படிப்பதால் சுற்றியிருக்கும் இரைச்சல் அதை அவ்வளவாகப் பாதிக்காது. கூடவே ஒலியை அடக்கும் மியூட் வசதியும் கிடைக்கும். குழுவோடு வாசிக்கிறவர்களுக்கு பெடல்தான் சரி. உங்கள் மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியிலேயே ட்யூனர் இருந்து, அதை ஒரே மிதியில் எட்ட முடியும் என்றால், தனியாக இன்னொன்று வாங்க வேண்டியதில்லை.

முதல் படி: இடத்தை அளந்துவிடுங்கள்

பெடலின் நீள அகலம் பெட்டியில் இருக்கும். ஆனால் போர்டில் அது பிடிக்கும் இடம் அதைவிட அதிகம். இரண்டு பெடல்களுக்கு நடுவே, அவற்றை இணைக்கும் குட்டைக் கேபிளான பேட்ச் கேபிளின் தலை உட்கார வேண்டும். தட்டையான தலை உள்ள கேபிள் என்றாலும் ஒவ்வொரு இடைவெளிக்கும் 2 சென்டிமீட்டர் ஒதுக்குங்கள். நேராக நீளும் ஜாக் என்றால் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு போய்விடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாஸ் நிறுவனத்தின் காம்பாக்ட் பெடல் 7.3 சென்டிமீட்டர் அகலம், 12.9 சென்டிமீட்டர் நீளம். உங்கள் போர்டு 35 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவில் நான்கு பெடல் வைத்தால் 29.2 ஆகிறது. நடுவில் மூன்று இடைவெளி, தலா 2 என்றால் 6. மொத்தம் 35.2. வெறும் 2 மில்லிமீட்டரில் இடிக்கும். ட்யூனரை மட்டும் 4 சென்டிமீட்டர் அகலமுள்ள மினி பெடலாக மாற்றினால் மொத்தம் 32க்கு இறங்கி, மூச்சுவிட இடம் கிடைக்கும். சின்ன போர்டில் மினியாக மாற்றத் தோதான முதல் பெடல் ட்யூனர்தான். திருகிக்கொண்டே இருக்க வேண்டிய குமிழ் எதுவும் அதில் இல்லை.

ஆனால் மினிக்கு ஒரு விலை உண்டு. திரை சிறியது, அதுவும் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே இருக்கும். மிதித்த பாதத்தை எடுக்காவிட்டால் திரை தெரியாது. எடை குறைவு என்பதால் கேபிள் இழுத்தால் பெடல் திரும்பும். அடியில் வெல்க்ரோவை முழுப்பரப்புக்கும் ஒட்டியே ஆக வேண்டும். பேட்டரி போடவும் பெரும்பாலான மினிகளில் இடம் கிடையாது. இதெல்லாம் சம்மதம் என்றால் மினி நல்ல தேர்வு. போர்டில் இடம் இருந்தால் நான் முழு அளவு ட்யூனரையே சொல்வேன்; திரையின் அளவு மேடையில் பெரிய வித்தியாசத்தைத் தரும்.

வாங்கும் முன் ஒரு தாளை பெடலின் அளவுக்கு வெட்டி போர்டில் வைத்துப் பாருங்கள். இன்புட் ஜாக் வலது பக்கமா, மேல் விளிம்பிலா, பவர் ஜாக் எங்கே என்பதையும் அந்தத் தாளிலேயே குறித்துவிடுங்கள். வலது ஓரத்தில் வைக்கும்போது கிட்டார் கேபிள் அங்கேதான் வந்து மாட்டும். வாசிக்கும்போது அந்த இடத்தில் உங்கள் கால் படாமல் இருக்கிறதா என்று நின்று பாருங்கள்.

இரண்டாவது படி: பவர்

ட்யூனர் பெடல்கள் பெரும்பாலும் 9 வோல்ட் டிசியில், நடு முனை நெகட்டிவாக உள்ள பிளக்கில் இயங்குபவை. உங்கள் பவர் சப்ளையும் அப்படியே இருக்கிறதா என்று பெடலின் முதுகில் உள்ள சின்ன வட்டக் குறியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். எத்தனை மில்லி ஆம்பியர் இழுக்கும் என்பதும் அங்கேயே இருக்கும். பிரகாசமான எல்இடி திரை உள்ளவை சற்று அதிகம் இழுக்கும் என்றாலும் பெரும்பாலும் 100 மில்லி ஆம்பியருக்குள் அடங்கிவிடும்.

கவனிக்க வேண்டியது இரைச்சல். ட்யூனருக்குள் இருப்பது ஒரு சின்ன டிஜிட்டல் கணினி. அதன் சில்லும், விளக்குகளை வேகமாக அணைத்து ஏற்றும் சுற்றும் பவர் கம்பியில் ஒரு மெல்லிய கீச்சொலியைக் கலக்கலாம். ஒரே அடாப்டரிலிருந்து கிளைக் கம்பி போட்டு எல்லா பெடல்களுக்கும் கொடுத்தால் அந்தக் கீச்சு பக்கத்தில் உள்ள டிஸ்டார்ஷனுக்குள் ஏறி, பெரிதாகி, ஆம்பில் வந்து நிற்கும். கண்டுபிடிக்கும் வழி எளிது. டிஸ்டார்ஷனை ஆன் செய்து, கிட்டார் வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டுக் கேளுங்கள். பிறகு ட்யூனரை மட்டும் கிளைக் கம்பியிலிருந்து பிரித்து, அதற்குத் தனி அடாப்டரோ பேட்டரியோ கொடுங்கள். கீச்சு நின்றால் காரணம் புரிந்துவிட்டது. தனித்தனி வெளியீடு உள்ள ஐசலேட்டட் பவர் சப்ளை இதற்கு நிரந்தரத் தீர்வு.

பாஸ் டியூ-3 போன்ற சில ட்யூனர்களில் மற்ற பெடல்களுக்குப் பவர் எடுத்துக்கொடுக்கும் வெளியீடும் உண்டு. சின்ன போர்டில் பவர் பெட்டிக்கே இடம் இல்லாதபோது இது கைகொடுக்கும். மற்ற பெடல்கள் இழுப்பதையும் கூட்டி, அடாப்டர் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இன்புட் ஜாக்கில் கேபிள் செருகியிருக்கும் வரை பெரும்பாலான பெடல்கள் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் கேபிளை உருவிவிடுங்கள்.

மூன்றாவது படி: ட்ரூ பைபாஸா, பஃபரா?

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் தரும் சிக்னல் வலுவற்றது. கேபிளுக்கு கெப்பாசிட்டன்ஸ் என்ற குணம் உண்டு. ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்ளலாம். கேபிள் நீள நீள இது கூடி, கிட்டாரின் உச்ச அலைவரிசைகளை விழுங்கும். கிட்டாரிலிருந்து போர்டுக்கு 6 மீட்டர், போர்டிலிருந்து ஆம்புக்கு 6 மீட்டர், நடுவே பேட்ச் கேபிள்கள் என்று சேர்த்தால் 12 மீட்டரைத் தாண்டிவிடும். ஒலி மந்தமாகும், போர்வையைப் போர்த்தியது மாதிரி.

ட்ரூ பைபாஸ் ட்யூனரை அணைத்திருக்கும்போது அது வெறும் கம்பி. சிக்னலைத் தொடாது, அதே நேரத்தில் உதவியும் செய்யாது. 12 மீட்டர் கேபிளின் சுமை முழுவதும் பிக்கப்பின் தலையில்தான். பஃபர் உள்ள ட்யூனர் அப்படியில்லை. பிக்கப்பைச் சுமக்கவிடாமல் சிக்னலை வாங்கி, வலுவாக்கி அனுப்புகிறது. அதற்குப் பிறகு வரும் கேபிளின் நீளம் ஒலியை அவ்வளவாகப் பாதிக்காது. பிக்கப்பின் பொறுப்பு முதல் 6 மீட்டரோடு முடிந்துவிடுகிறது.

அப்படியானால் பஃபரே நல்லதா? பெரும்பாலும் ஆம், ஒரு விதிவிலக்கோடு. ஒலியைக் கரடுமுரடாக்கும் பழைய பாணி ஃபஸ் பெடல்கள், குறிப்பாக ஃபஸ் ஃபேஸ் வகையைச் சேர்ந்தவை, கிட்டாரின் பிக்கப்போடு நேராகப் பேச வேண்டும். நடுவில் பஃபர் வந்தால் கிட்டார் வால்யூமைக் குறைக்கும்போது ஒலி அழகாகத் தெளியும் அந்தக் குணம் போய்விடும், ஒலியும் கரகரக்கும். உங்களிடம் அப்படிப்பட்ட ஃபஸ் இருந்தால் அதை முதலிலும் பஃபர் ட்யூனரை அதற்கு அடுத்தும் வையுங்கள். ஃபஸ்ஸை அணைத்துவிட்டு ட்யூன் செய்தால் போதும். இல்லையென்றால் ட்ரூ பைபாஸ் ட்யூனரை முதலில் வைத்துவிட்டு, ஃபஸ்ஸுக்குப் பின்னால் வேறு ஏதாவது பஃபர் பெடல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் போர்டுக்கு எது என்று தெரிய வேண்டுமானால் காதே சொல்லும். ஆம்பை சுத்தமான ஒலியில் வைத்து, 3 மீட்டர் கேபிளில் கிட்டாரை நேராக மாட்டி, மேல் சுருதியில் உள்ள மெல்லிய இரண்டு தந்திகளை மட்டும் வாசியுங்கள். பிறகு எல்லா பெடலையும் அணைத்த நிலையில் முழு போர்டு வழியாக அதையே வாசியுங்கள். வித்தியாசம் காதில் விழவில்லை என்றால் பஃபர் தேவையில்லை. ஏற்கெனவே போர்டில் ஒரு பஃபர் பெடல் எப்போதும் இருக்கிறது என்றாலும் தேவையில்லை. எல்லாமே ட்ரூ பைபாஸ் பெடல்கள், கேபிளும் நீளம் என்றால் ட்யூனரிலேயே பஃபர் இருக்கட்டும். தனி பஃபர் பெடலுக்கு இடம் மிச்சம். டிசி எலெக்ட்ரானிக்கின் பாலிட்யூன் 3, பாஸ் டியூ-3டபிள்யூ போன்றவற்றில் இரண்டையும் மாற்றிக்கொள்ள முடியும். போர்டு இன்னும் மாறிக்கொண்டே இருக்கும் புதியவருக்கு அப்படி இரண்டும் உள்ளதுதான் நிம்மதி.

இன்னொரு முக்கியமான வேறுபாடு, இதைப் பலர் யோசிப்பதில்லை. பவர் போய்விட்டால் பஃபர் ட்யூனர் வழியாக ஒலி வராது. இயந்திர சுவிட்ச் உள்ள ட்ரூ பைபாஸ் ட்யூனர் அணைந்த நிலையில் இருந்தால், பவர் போனாலும் ஒலி போய்க்கொண்டே இருக்கும்.

நான்காவது படி: திரையை நின்றபடி பாருங்கள்

கடையில் ட்யூனரைக் கையில் எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறோம். மேடையில் அது தரையில் கிடக்கும், நம் கண்ணிலிருந்து ஒன்றரை மீட்டர் தூரத்தில், சாய்ந்த கோணத்தில். அதனால் தரையில் வைத்து, கிட்டாரைத் தோளில் மாட்டிய நிலையில் பாருங்கள். ஸ்வரத்தின் எழுத்து தெரிகிறதா? முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிகிறதா? வெயிலில் வாசிக்கிறவர் என்றால், ஜன்னல் வெளிச்சம் நேராக விழும் இடத்தில் வைத்துப் பாருங்கள். பிரகாசத்தைக் கூட்டும் வசதி உள்ளதை எடுங்கள். நேர் எதிராக, இருட்டான மேடையில் மிகப் பிரகாசமான திரை கண்ணைக் கூசவைக்கும் என்பதால் குறைக்கவும் முடிய வேண்டும்.

சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறியச் சிரமப்படுகிறவர்கள் நிறத்தை மட்டும் நம்பிய திரையைத் தவிர்த்துவிடுங்கள். விளக்கு நடுவில் வந்து நிற்பது, அம்புக்குறி மாறுவது என்று இடத்தால் காட்டும் திரைதான் வசதி.

ஐந்தாவது படி: துல்லியம், வேகம், நிதானம்

அரை ஸ்வரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். ட்யூனர்களின் துல்லியத்தை இதில்தான் சொல்வார்கள். பாஸ் டியூ-3க்கு கூட்டல் கழித்தல் 1 சென்ட். ஸ்ட்ரோப் வகை ட்யூனர்கள் 0.1 சென்ட், அதற்கும் கீழே என்று போகும். எண்ணைப் பார்த்தால் பத்து மடங்கு நல்லது என்று தோன்றும். காதில் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

மேல் ஈ தந்தி 329.63 ஹெர்ட்ஸ். அதே ஸ்வரத்தை பி தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடித்து இரண்டையும் சேர்த்து வாசித்தால், 3 சென்ட் வித்தியாசம் இருக்கும்போது ஏறக்குறைய இரண்டு வினாடிக்கு ஒரு முறை ஒலி அலைபோல் ஏறி இறங்கும். உற்றுக் கேட்டால் பிடிபடும். 1 சென்ட் என்றால் அந்த அலைக்கு ஐந்து வினாடிக்கு மேல் ஆகும். பாட்டு நடக்கும்போது அவ்வளவு நேரம் எந்தக் கார்டும் நிற்காது. விரல் ஃப்ரெட்டை சற்று அழுத்தினாலே சில சென்ட் சுலபமாக ஏறிவிடுகிறது. ஆகவே மேடைக்கு 1 சென்ட் போதும். பதிவு செய்யும்போதும், கிட்டாரின் இன்டோனேஷனை (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக விழுவதை) நீங்களே சரிசெய்யும்போதும் ஸ்ட்ரோப்பின் துல்லியம் உண்மையில் உதவும். பீட்டர்சன் ஸ்ட்ரோபோஸ்டாம்ப்பும் சோனிக் ரிசர்ச்சின் டர்போ ட்யூனரும் இந்த வகையில் பெயர் பெற்றவை. திரையில் ஒரு வடிவம் ஓடிக்கொண்டிருக்கும். சுருதி கூடினால் ஒரு பக்கம், குறைந்தால் மறு பக்கம், சேர்ந்துவிட்டால் அசையாமல் நிற்கும். கண் அதற்குப் பழகச் சில நாள் ஆகும்.

எண்ணைவிட முக்கியம், ட்யூனர் காட்டும் ஸ்வரம் நிலையாக நிற்கிறதா என்பது. மிகத் தடித்த கீழ் ஈ தந்திதான் இதற்கு உரைகல், அது 82.41 ஹெர்ட்ஸ். அதைப் பிரிட்ஜ் பிக்கப்பில் பிக்கால் அழுத்தி மீட்டினால், அடிப்படை ஒலியைவிட அதன் மூன்றாவது ஹார்மோனிக் (அடிப்படையைப் போல் மூன்று மடங்கு அலைவரிசை உள்ள துணை ஒலி) ஓங்கி நிற்கும். அந்த ஹார்மோனிக் பி ஸ்வரம். நான் முதலில் வைத்திருந்த ட்யூனரில் ஈ தந்தியை மீட்டினால் ஈ என்று ஒரு கணம், பி என்று ஒரு கணம், மறுபடி ஈ என்று மாறி மாறி மின்னும். பாட்டுக்கு நடுவே கிடைக்கும் பதினைந்து வினாடியில் பத்து வினாடி, எழுத்து நிலைக்கட்டும் என்று காத்திருப்பதிலேயே போய்விடும். நல்ல ட்யூனர் மீட்டியதும் ஈயைப் பிடித்துக்கொண்டு, ஒலி மங்கிப்போகும் வரை விடாது. டிராப் டி (கீழ் ஈயை டிக்கு இறக்குவது), அதற்கும் கீழே என்று இறக்கி வாசிக்கிறவர்கள், பேஸ் கிட்டாருக்கும் அதே ட்யூனரை வைத்துக்கொள்கிறவர்கள் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். ஐந்து தந்தி பேஸின் கீழ் பி 30.87 ஹெர்ட்ஸ், சில ட்யூனர்கள் அங்கே திணறும்.

எல்லாத் தந்தியையும் ஒரே மீட்டில் படிக்கும் பாலிஃபோனிக் வசதியை 2010இல் பாலிட்யூன் கொண்டுவந்தது. ஆறையும் ஒன்றாக மீட்டினால் எது கலைந்திருக்கிறது என்று காட்டும். சரிபார்க்க அருமையான வசதி. ஆனால் அதைப் பார்த்துத் தந்தியை முறுக்காதீர்கள். எது கலைந்தது என்று தெரிந்துகொண்டு, அந்தத் தந்தியைத் தனியாக மீட்டிச் சேருங்கள்.

ஆறாவது படி: சுவிட்ச்சும் மியூட்டும்

மிதித்ததும் ஒலி முற்றிலும் அடங்க வேண்டும், ஆம்பில் டப் என்று சத்தம் வரக்கூடாது. கிட்டார் மாற்றும்போது ட்யூனரை மிதித்துவிட்டுக் கேபிளைப் பிடுங்கினால் யாருக்கும் கேட்கக்கூடாது. மியூட் ஆகியிருக்கிறதா இல்லையா என்று திரையே சொல்ல வேண்டும். அடுத்த பாட்டு தொடங்கியபின் கிட்டார் ஊமையாக இருப்பதைக் கண்டுபிடிப்பது தாமதம்.

சில ட்யூனர்களில் ஒலி போய்க்கொண்டிருக்கும்போதே திரை ஓடும் வசதி உண்டு. பாஸ் டியூ-3இல் இதற்கென்று தனி பைபாஸ் ஜாக் இருக்கிறது. அதில் கேபிள் மாட்டினால் மியூட் கிடைக்காது. புதியவர்கள் தவறிப்போய் அந்த ஜாக்கில் மாட்டிவிட்டு, மியூட் வேலை செய்யவில்லை என்று பெடலைத் திருப்பித் தருவதும் நடக்கிறது. ஜாக்கின் பெயரைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

ஏழாவது படி: வாங்கும் இடத்தில் பத்து நிமிடம்

உங்கள் கிட்டாரையும் உங்கள் கேபிளையும் கொண்டுபோங்கள். ட்யூனரைத் தரையில் வையுங்கள். கீழ் ஈ தந்தியை மென்மையாகவும் அழுத்தியும் மீட்டி, எழுத்து தாவுகிறதா என்று பாருங்கள். ஒலி மங்கும் வரை முள் நிற்கிறதா என்று எண்ணுங்கள். இருபது முறை மிதியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி மாற வேண்டும். ஆம்பை நன்றாக ஏற்றிவைத்துவிட்டு மிதித்து, டப் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். கேபிள் செருகிய நிலையில் ஜாக்கை மெல்ல ஆட்டுங்கள். கரகரப்போ விட்டுவிட்டு வரும் ஒலியோ இருந்தால் அந்தப் பெடல் வேண்டாம். பழையது வாங்குகிறவர்களுக்கு இந்தக் கடைசிச் சோதனை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம், கூடவே பவர் ஜாக்கையும் அப்படியே ஆட்டிப் பாருங்கள். இணையத்தில் வாங்கினால் திருப்பித் தரும் காலக்கெடுவுக்குள் இதையெல்லாம் வீட்டிலேயே செய்துவிட வேண்டும்.

எட்டாவது படி: மாட்டியபின் செய்ய வேண்டியவை

முதல் வேலை, அடிப்படைச் சுருதி 440 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பார்ப்பது. ஏ ஸ்வரத்துக்கு 440 என்பது ஐஎஸ்ஓ 16 என்ற உலகத் தரமும்கூட. பல ட்யூனர்களில் இதை ஒரு சின்னப் பொத்தானால் மாற்ற முடியும், அது பையில் அழுந்தியும் மாறிவிடும். ஒருமுறை கீபோர்டோடு ஒத்திகை பார்த்தபோது, ட்யூனர் பச்சை காட்டியும் எந்தக் கார்டும் ஒட்டவில்லை. கிட்டாரைச் சந்தேகித்தோம், தந்தியை மாற்றினோம், கீபோர்டின் அமைப்பைத் துழாவினோம். கடைசியில் பார்த்தால் ட்யூனர் 442இல் இருந்தது. அந்த 2 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட 8 சென்ட். ஆறு தந்தியும் தமக்குள் சரியாகச் சேர்ந்திருந்ததால் தனியாக வாசிக்கும்போது தெரியவே இல்லை. அன்றிலிருந்து பையைத் திறந்ததும் அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்கிறேன். ட்யூனர் பன்னிரண்டு ஸ்வரங்களையும் காட்டும் குரோமேட்டிக் முறையில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். அரை ஸ்வரம் இறக்கிக் காட்டும் முறையில் மாட்டிக்கொண்டாலும் இதே குழப்பம்தான்.

அப்புறம், மீட்டும் விதம். கழுத்துப் பக்க பிக்கப்பைத் தேர்ந்தெடுங்கள், வால்யூமை முழுக்க ஏற்றுங்கள், டோனைக் குறையுங்கள். ஹார்மோனிக்குகள் அடங்கி, அடிப்படை ஒலி தெளிவாக வரும். கட்டைவிரலின் சதையால் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே மெதுவாக மீட்டுங்கள். அழுத்தி மீட்டினால் தந்தி இழுபட்டு முதலில் சுருதி ஏறி, பிறகு இறங்கி நிலைக்கும். அந்த முதல் கணத்தைப் பார்த்து முறுக்கினால் தந்தி தாழ்ந்துதான் போகும். ஆனால் நீங்கள் இயல்பாகவே அழுத்தி வாசிக்கிறவர் என்றால், சற்று அழுத்தியே மீட்டிச் சேர்ப்பது உங்கள் பாட்டுக்குப் பொருந்தும்.

எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சேருங்கள். சுருதி கூடிவிட்டால் நன்றாகக் கீழே இறக்கி, தந்தியை ஒரு முறை மெல்ல இழுத்துவிட்டு, மறுபடி ஏற்றுங்கள். இறக்கிக்கொண்டே வந்து நிறுத்தினால், நட் (கழுத்தின் முனையில் தந்திகள் படியும் துண்டு) பள்ளத்திலும் ட்யூனிங் கீயின் பல்லிலும் தேங்கிய தளர்வு, தந்தியை வளைக்கும் முதல் பெண்டிலேயே வெளியே வந்து சுருதி இறங்கிவிடும். ஆறு தந்தியும் முடிந்தபின் முதல் தந்திக்குத் திரும்பி வந்து பாருங்கள். ஒரு தந்தியை முறுக்கும்போது கழுத்தின் இழுவிசை மாறுவதால் மற்றவை சற்று நகர்ந்திருக்கும். மிதக்கும் பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் இந்தச் சுற்றை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டிவரும்.

இன்னொன்று. ட்யூனர் பச்சை காட்டியபிறகும் ஈ மேஜர் கார்டில் ஜி தந்தி சற்றுக் கூடியிருப்பதுபோல் உங்கள் காதுக்குப் படலாம். ட்யூனர் மேல் தவறு இல்லை, உங்கள் காது மேலும் தவறு இல்லை. ஃப்ரெட் வைத்த வாத்தியத்தில் எல்லா அரை ஸ்வரமும் சம அளவு. அந்தக் கணக்கில் மேஜர் தேர்டு, அதாவது இந்தக் கார்டில் ஜி தந்தி தரும் ஸ்வரம், இயற்கையான இனிய அளவைவிட ஏறக்குறைய 14 சென்ட் கூடுதலாகத்தான் விழும். அது இனிக்கட்டும் என்று ஜி தந்தியை இறக்கினால் அடுத்து வரும் ஜி மேஜர் கசக்கும். அந்தத் தந்தியை அப்படியே விட்டுவிடுங்கள்.

மேடையில் ட்யூனர் நின்றுபோனால்

கிட்டார் பையின் முன் அறையில் மூன்று பொருள் எப்போதும் இருக்கட்டும்: கூடுதலாக ஒரு நல்ல பேட்ச் கேபிள், ஒரு கிளிப் ட்யூனர், பேட்டரி போடும் வகைப் பெடல் என்றால் ஒரு புது 9 வோல்ட் பேட்டரி. ஒலி திடீரென்று நின்றால் முதலில் ட்யூனரின் திரையைப் பாருங்கள். மியூட் ஆகியிருந்தால் மிதியுங்கள். திரை முழுக்க இருண்டிருந்தால், மிதித்தால் விழிக்கிறதா என்று பாருங்கள். விழிக்கவில்லை என்றால் பவர் போயிருக்கிறது. பவர் பிளக்கை ஒரு முறை உருவிச் செருகுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் அங்கேயே குனிந்து ஆராய வேண்டாம். ஆம்பின் வால்யூமைக் குறைத்துவிட்டு, ட்யூனரின் இன்புட்டில் இருக்கும் கிட்டார் கேபிளைப் பிடுங்கி, அடுத்த பெடலின் இன்புட்டில் உள்ள பேட்ச் கேபிளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செருகுங்கள். மற்ற பெடல்களுக்குப் பவர் இருந்தால் ஒலி வந்துவிடும். போர்டுக்கே பவர் இல்லை என்றால் கிட்டார் கேபிளை நேராக ஆம்பில் மாட்டுங்கள். அது ஆம்ப் வரை எட்டும் நீளம் இருக்கிறதா என்று நிகழ்ச்சிக்கு முன்பே பார்த்துவைத்திருப்பீர்கள். கிளிப்பைக் கிட்டாரின் தலைப்பகுதியில் மாட்டி, வால்யூமை ஏற்றி, பாட்டைத் தொடருங்கள். இந்த மாற்று வேலையை வீட்டில் இரண்டு தடவை செய்து பழகினால் அரை நிமிடத்துக்குள் முடியும்.